பழைய பிக்கப்பில் அடியிலிருந்து ‘டக்’ என்று சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றியும் போகவில்லை. எங்கே பார்ப்பது?

12 வயது ஹைலக்ஸ், சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்று) புதுப்பித்தது, துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் சாமான் ஏற்றி ஓட்டுகிறீர்கள், நான்கு ஷாக்கும் புதுசு என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தம் எப்போது வருகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் நேராக ஷாக்குக்குப் போயிருக்க மாட்டார்கள். ஷாக் கெட்டால் வண்டி பெரும்பாலும் குதிக்கும், எண்ணெய் கசியும். ‘டக்’ என்று இரும்பு இடிக்கும் சத்தத்துக்கு வேறு காரணங்கள்தான் அதிகம்.

முதலில் பின்பக்கத்தைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, டூல் பெட்டி, டெயில்கேட் கொக்கி, அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். வீல் நட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள்.

வண்டி நிற்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது ‘டக்’ என்றால் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். சந்தேகம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு), அதன் யூ ஜாயிண்ட் (முனையில் மடங்கும் இணைப்பு), கியர்பாக்ஸ் மவுண்ட் (அதைத் தாங்கும் ரப்பர் பிடி), டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸில் நடுவிலுள்ள கியர் பெட்டி) மேல். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூ ஜாயிண்டின் மூடி ஓரத்தில் செந்தூள் மாதிரி துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. வேகத்தில் அடியிலிருந்து அதிர்வும் வந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஓடும்போது ஷாஃப்ட் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு சத்தம் உண்டு. நிறைய பேர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து பணத்தைக் கொட்டுவது இதில்தான். சிக்னலில் வண்டி நின்ற ஒரு நொடிக்குப் பிறகு, அல்லது நின்று கிளம்பும்போது, பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்தது போல ஒரு ‘டக்’. பிரேக் போடும்போது பின் ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொள்ளும், நின்றதும் தளரும். அதற்கேற்ப ஷாஃப்டின் ஸ்லிப் யோக் (நீளம் கூடிக் குறைய விடும் வழுக்கு மூட்டு) தன் பல் வரிகளில் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அங்கே கிரீஸ் காய்ந்திருந்தால் வழுக்காமல் பிடித்து நின்று, பிறகு சட்டென்று விடும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருந்தால் கிரீஸ் அடித்தாலே போதும், சில வெள்ளிதான் செலவு. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

கார்பார்க் ஹம்பில் ஏறி இறங்கும்போது மட்டும் சத்தமென்றால், பிரேக்கை லேசாக மிதித்தபடி அதே ஹம்பில் இன்னொரு முறை மெதுவாக ஏறுங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடோ கேலிப்பர் பின்னோ ஆடுகிறது. நிற்கவில்லை என்றால் முன்னால் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தாங்கும் கம்பியின் இணைப்பு), கண்ட்ரோல் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் உறை). பின்னால் ஷேக்கிள் புஷ் (ஸ்பிரிங் பட்டையின் முனை தொங்கும் கொக்கியின் ரப்பர்). உங்கள் விஷயத்தில், புது ஷாக்கின் மேல் நட்டும் கீழ் போல்ட்டும் சரியாக இறுகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முன் ஷாக்கைக் கழற்ற ஸ்டெபிலைசர் லிங்கையும் கழற்றியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் மாற்றினால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

இரண்டு இடங்களில் மட்டும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஒன்று, முன் லோயர் பால் ஜாயிண்ட் (முன் சக்கரத்தைக் கீழ் கண்ட்ரோல் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு). மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்கின் சுற்றுப் பாதையில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஏறும்போது ‘கடக்’ என்றால் அதைச் சந்தேகியுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மற்றது, பின் ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட். அது தளர்ந்து, பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸில் நகரும். பின் டயருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே ஓரளவு தெரியும். பின்னால் ஊழியர்களை ஏற்றிப் போகிற வண்டி என்றால், இந்த இரண்டும் பார்த்து முடியும் வரை ஓட்ட மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். வேலை ஒரு நாள் தள்ளிப்போகட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு சீட் பெல்ட்கூடக் கிடையாது.

10 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் வரும். அதில் பாஸ் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். போன தடவை பாஸான பால் ஜாயிண்ட் அடுத்த தடவைக்குள் ஆட்டம் கொடுக்கலாம்.

காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் “சத்தம் வருது அங்கிள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சத்தம் வரும் நேரத்தில் அதை ஃபோனில் பதிவு செய்து காட்டுங்கள். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு வண்டியைத் தூக்கி, கடப்பாரையால் ஒவ்வொரு ஜாயிண்டாக நெம்பி எது ஆடுகிறது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பாகத்தை மாற்றச் சொன்னால் போதும்.

கியர் போடும்போதா, ஹம்பிலா, திருப்பத்திலா, நின்ற பிறகா என்று கீழே எழுதுங்கள். லோடு இருக்கும்போது கூடுகிறதா குறைகிறதா என்பதும் வேண்டும்.