வண்டி கேள்வி பதில்: துணியில ஒட்டுற கலர்

போன இதழ்ல பாலிஷ் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முக்கால்வாசி ஒரே சந்தேகம்தான், நம்ம வண்டி பெயிண்ட்டுக்கு மேல கிளியர் கோட், அதாவது கலரே இல்லாத பளபளப்புப் பூச்சு, இருக்கா இல்லையான்னு. அதனால டயர், பேட்டரி கேள்வியெல்லாம் அடுத்த தடவை.

கேள்வி: அண்ணே, 1980-கள்ல வந்த ஒரு சிவப்பு கார் வாங்கியிருக்கேன். பானட்டும் ரூஃபும் வெளுத்துப்போய் ரோஸ் கலர்ல நிக்குது. மெஷின் பாலிஷ் போடலாம்னு பார்த்தா ஒருத்தர் "இதுல கிளியரே கிடையாது, தேய்ச்சா கலர் போயிடும்"ங்கறார், இன்னொருத்தர் "கிளியர் இல்லாத கார் எங்க இருக்கு"ங்கறார். யார் பேச்சை நம்பறது?

பதில்: ரெண்டு பேருமே வண்டியத் தொட்டுப் பார்க்காம பேசறாங்க தம்பி. 1980-கள்ங்கறது ரெண்டுங்கெட்டான் காலம். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் சிங்கிள் ஸ்டேஜ்தான், அதாவது கலரும் பளபளப்பும் ஒரே பெயிண்ட்லயே இருக்கும். அப்புறம்தான் கலரை பேஸ் கோட்னு கீழ அடிச்சு, கலரே இல்லாத கிளியரை அதுக்கு மேல அடிக்கற பழக்கம் பரவுச்சு. அதுலயும் மெட்டாலிக் கலருக்கு முதல்ல மாறினாங்க, சிவப்பு, வெள்ளை மாதிரி பிளெயின் கலர் பல கம்பெனில ரொம்ப நாள் பழைய முறையிலயே ஓடிச்சு. அதனால வருஷத்த வச்சு சொல்லவே முடியாது, வண்டியத்தான் கேக்கணும்.

எப்படிக் கேக்கறதுன்னா, முதல்ல நல்லா ஷாம்பு போட்டுக் கழுவி காய விடுங்க, தார் புள்ளி இருந்தா எடுத்துடுங்க, இத செய்யாம துணிய வச்சா வர்றது அழுக்கா பெயிண்ட்டான்னு தெரியாம முழிப்பீங்க. டிக்கி மூடில கீழ்ப்பக்கம் மாதிரி கண்ணுல படாத ஒரு இடம் பாருங்க, ஆனா ஓரத்துலயும் மடிப்புலயும் வேணாம், அங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசா இருக்கும். ஒரு வெள்ளைத் துணிய விரல்ல இறுக்கி சுத்தி, சட்டை பட்டன் அளவு பாலிஷ் வச்சு, ஒரு இருபது முப்பது தடவை அழுத்தித் தேய்ங்க. வேக்ஸ் வச்சு தேய்ச்சா பிரயோஜனம் இல்ல, அது எதையும் அறுக்காது, அறுக்கற பொடி கலந்த பாலிஷா இருக்கணும். இப்ப துணியத் திருப்பிப் பாருங்க. சிவப்பு ஏறியிருந்தா சிங்கிள் ஸ்டேஜ். வெறும் பாலிஷ் கலரும் லேசான சாம்பலும்தான்னா மேல கிளியர் இருக்கு.

உங்க வண்டி ரோஸ் ஆயிடுச்சுன்னு சொன்னதுலயே எனக்கு பாதி பதில் தெரியுது. சிங்கிள் ஸ்டேஜ் வெயில்ல கெட்டா மேல்பரப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கி, கைய வச்சு தடவினா சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். கிளியர் கெட்டா அப்படி வராது, வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்து தோல் உரியற மாதிரி ஓரத்துல இருந்து பிரியும். இருந்தாலும் துணி வச்சுப் பார்த்துட்டே மெஷினத் தொடுங்க.

கேள்வி: நீங்க முன்னாடி சொன்ன மாதிரியே செஞ்சேன் சார், துணியில நீலம் வந்துச்சு. பயந்துபோய் நிறுத்திட்டேன். பெயிண்ட்ட கெடுத்துட்டேனா?

பதில்: எப்ப வந்துச்சுன்னு எழுதவே இல்லையே, அதுதாங்க முக்கியம்! கலர் வந்துச்சாங்கறதோட நிறுத்திடறாங்க எல்லாரும், எப்ப வந்துச்சு எங்க வந்துச்சுன்னு பார்க்கறதில்ல. முதல் நாலு தேய்ப்புலயே வந்து, வேற இடத்துல வச்சாலும் அதே மாதிரி வந்தா அது சிங்கிள் ஸ்டேஜோட இயல்பு, மேல இருக்கற செத்த பெயிண்ட்தான் வருது, நீங்க ஒண்ணும் கெடுக்கல. ஆனா ரொம்ப நேரம் துணியோ மெஷின்ல மாட்டற பேடோ வெள்ளையாவே இருந்து, திடீர்னு ஒரே இடத்துல மட்டும் கலர் வந்து, அந்த இடம் சுத்தியிருக்கறத விட மங்கலா தெரிஞ்சா, கிளியரைத் தாண்டி உள்ள போயிட்டீங்கன்னு அர்த்தம். கைல ஒரு நிமிஷம் தேய்ச்சு அப்படி ஆகறது, கிளியர் ஏற்கனவே தேஞ்சு போயிருந்தா ஒழிய, கஷ்டம். மெஷின்ல ரொம்ப சுலபம்.

எனக்கே ஆச்சு. தொழில் பழகற காலம், ஒரே அச்சுல வேகமா சுத்தற ரோட்டரி மெஷின், ஒரு நீல காரோட பானட்ல நடுவுல கத்தி மாதிரி ஒரு மடிப்பு ஓடும். அந்த மடிப்பு மேல பேடை ஏத்தி ஏத்தி ஓட்டிக்கிட்டே பக்கத்துல இருந்தவர்கிட்ட பேசிட்டு இருந்தேன், குனிஞ்சு பார்த்தா பேட் விளிம்புல நீலம். மெஷினத் தூக்கறதுக்குள்ள விரல் நீளத்துக்கு ஒரு கோடு, ஈரமா இருக்கறப்ப ஒண்ணும் தெரியல, துடைச்சதும் சிலேட்டு மாதிரி மங்கலா நிக்குது. பேஸ் கோட்டுக்குன்னு சொந்தமா பளபளப்பு கிடையாது, அதத் தேய்க்கத் தேய்க்க பளபளப்பு வரும்னு நினைச்சு இன்னும் ரெண்டு சுத்து விட்டேன் பாருங்க, கலருக்கும் அடில இருக்கற பிரைமர் பூச்சு எட்டிப் பார்த்துச்சு. முழு பானட்டும் திரும்ப பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். அன்னைல இருந்து மடிப்புன்னா மாஸ்கிங் டேப் ஒட்டாம கை வைக்கறதில்ல.

இன்னொண்ணு, துணியில கறுப்பு வந்தா உடனே பெயிண்ட்டுன்னு நினைக்காதீங்க, பக்கத்துல இருக்கற ரப்பர் பீடிங்குல உரசினாலும் கறுப்புதான் வரும். மெல்லிசா கலர் கலந்த கிளியர் அடிச்ச சில சிவப்புகளும் உண்டு, அதுல லேசா சாயம் மாதிரி வந்து குழப்பும். சந்தேகம்னா ரெண்டு மூணு இடத்துல செஞ்சு பாருங்க.

கேள்வி: எங்களது வெள்ளை கார். வெள்ளைத் துணி, வெள்ளை பாலிஷ், வெள்ளை பெயிண்ட். என்னத்தைப் பார்க்கறது?

பதில்: சிரிச்சிட்டேன், ஆனா நியாயமான கேள்வி. கறுப்புத் துணி எடுத்துக்கங்க, முடிஞ்சா வெள்ளையா இல்லாத பாலிஷா பாருங்க. சிங்கிள் ஸ்டேஜ்னா துணில கெட்டியா பெயிண்ட் தொட்ட மாதிரி வெள்ளை நிக்கும், கிளியர்னா காஞ்சதும் பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா உண்மையச் சொன்னா வெள்ளைல இந்த டெஸ்ட்ட நான் முழுசா நம்பறதில்ல. உப்புத்தாள் வச்சு ஈரமா தேய்ச்சா தெரியும்பாங்க, கிளியரைத் தேய்ச்சாலும் பால் மாதிரிதான் தண்ணி வரும், அப்புறம் எங்க கண்டுபிடிக்கறது.

அதுக்குப் பதிலா வேற தடயம் பாருங்க. பேர்ல் வெள்ளையா, வெயில்ல பார்த்தா உள்ள மினுமினுப்பு தெரியுதா, அப்ப கிளியர் இருக்குன்னே வச்சுக்கலாம். வெறும் வெள்ளைன்னா, கல்லு பட்டு பெயிண்ட் தெறிச்ச ஒரு புள்ளி முன் பக்கம் எங்கயாவது இருக்கும், அத லென்ஸ் வச்சுப் பாருங்க, வெள்ளை ஓரத்துக்கு மேல கண்ணாடி மாதிரி இன்னொரு விளிம்பு தெரிஞ்சா கிளியர். காஞ்ச கைய ரூஃப்ல தடவிப் பாருங்க, மாவு மாதிரி வெள்ளை ஒட்டினா சிங்கிள் ஸ்டேஜ். எதுவுமே பிடிபடலையா, மேல மெல்லிசா கிளியர் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, இருக்கறதுலயே மென்மையான பாலிஷ், மென்மையான பேடோட நிறுத்திக்கங்க. அந்தப் பயத்தோட வேலை செஞ்சா ரெண்டு வகையும் தாங்கும்.

கேள்வி: நாலு டோர்ல இடது பின் டோர்ல மட்டும் துணியில கலர் வருது, மத்த இடத்துல வரல. பெயிண்ட் திக்னஸ் மீட்டர் வாங்கினா இத சரியா சொல்லிடுமா?

பதில்: அந்த டோர் எப்பவோ அடி வாங்கியிருக்கு, வேலை பார்த்தவர் கிளியர் போடாம சிங்கிள் ஸ்டேஜ்ல முடிச்சிருக்கார். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, நல்லா அடிச்சிருந்தா பளபளன்னுதான் இருக்கும், வித்தவர் உங்ககிட்ட சொன்னாரா இல்லையாங்கறது வேற கதை. தலைகீழாவும் நடக்கும், பழைய சிங்கிள் ஸ்டேஜ் வண்டில ஒரே ஒரு ஃபெண்டர் மட்டும் கிளியரோட மினுங்கும். அதனாலதான் ஒரு இடத்துல துணி வச்சுப் பார்த்துட்டு முழு வண்டிக்கும் தீர்ப்பு சொல்லாதீங்கன்னு கத்தறேன், ஒவ்வொரு பேனலா பார்க்கணும்.

மீட்டர் வாங்கலாம், ஆனா உங்க கேள்விக்கு அது பதில் சொல்லாது. உலோகத்துக்கு மேல மொத்தம் எவ்ளோ கனம்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், அதுல கலர் எவ்ளோ கிளியர் எவ்ளோன்னு தெரியாது. பிளாஸ்டிக் பம்பர்ல சாதாரண மீட்டர் வேலையே செய்யாது, அலுமினிய பானட்டுக்கும் சேர்த்து அளக்கற மாடலான்னு பார்த்து வாங்கணும். கம்பெனி பெயிண்ட் பொதுவா 100-ல இருந்து 150 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். நாம பிரிண்ட் எடுக்கற பேப்பர் ஒண்ணு சுமார் 100 மைக்ரான், அவ்ளோதான் மொத்த பெயிண்ட்டும். அதுல கிளியர் மட்டும் 40, 50, கீழ இருக்கற கலர் 15 மைக்ரான் சுமார்தான். அந்த 40-லயும் மேல் பாகத்துலதான் வெயிலைத் தடுக்கற சரக்கு அதிகம் வேலை செய்யுது, அதனால ஒவ்வொரு சின்ன கீறலையும் துரத்திக்கிட்டு போகாதீங்க. உங்க டோர்ல 300-க்கு மேல காட்டினா ரீபெயிண்ட், ஆயிரத்தைத் தாண்டினா உள்ள பள்ளத்த அடைச்ச பட்டி இருக்கு. மீட்டரோட உபயோகம் இதுதான்.

கேள்வி: ரூஃப்ல வெள்ளைத் திட்டு விழுந்து ஓரம் பிரியுது. நல்ல காம்பவுண்டு ஒண்ணு சொல்லுங்க.

பதில்: காம்பவுண்டுங்கறது நல்லா அறுக்கற கரடான பாலிஷ், அதுக்கு செலவு பண்ணாதீங்க. கிளியர் உரியுது, உரிஞ்சத பாலிஷ் ஒட்ட வைக்காது, பேட் விளிம்பு பட்டா இன்னும் பெருசா பிரியும். பெயிண்ட்டர்கிட்ட போங்க.

கேள்வி: சிங்கிள் ஸ்டேஜ்னு உறுதியாயிடுச்சு, பச்சை கலர், 30 வருஷத்துக்கு மேல பழசு. வேலைய எப்படி ஆரம்பிக்கறது?

பதில்: நிதானமா. அவ்ளோ பழைய பெயிண்ட் வறண்டு கெடக்கும், நேரா காம்பவுண்டும் மெஷினும் வச்சீங்கன்னா நல்ல பெயிண்ட்டும் சேர்ந்து வந்துடும். எண்ணெய்ப் பசை நிறைய இருக்கற கிளேஸ் கிடைக்கும், அத துண்டுல நிறைய எடுத்து கையாலயே அழுத்தித் தேய்ச்சு தடிமனா பூசி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. காலைல பார்த்தா சில இடம் குடிச்சு காஞ்சிருக்கும், சில இடம் ஈரமாவே இருக்கும், காஞ்ச இடத்துக்கு இன்னொரு தடவை. துடைக்கறப்ப துண்டு முழுக்க பச்சையாகும், வீட்ல திட்டு வாங்காம இருக்க பழைய துண்டா எடுங்க. அப்பவே கலர் ஆழமா திரும்பறது தெரியும், எனக்கு இந்த வேலைல பிடிச்ச நேரமே அதுதான்.

அப்புறம் ரெண்டு அடிக்கு ரெண்டு அடி ஒரு இடத்துல மட்டும், சாஃப்ட் பேட், லேசான பாலிஷ், சுத்திக்கிட்டே ஆடறதால கம்மியா அறுக்கற டியூயல் ஆக்‌ஷன் மெஷின். பேட் சீக்கிரம் பச்சையா அடைச்சுக்கும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் பிரஷ் வச்சு சுத்தம் பண்ணலைன்னா எடுத்த செத்த பெயிண்ட்டையே திரும்ப தேய்ச்சுக்கிட்டு இருப்பீங்க. வெயில்ல வச்சு செய்யாதீங்க. கலர் பளிச்சுன்னு ஆனதும் நிறுத்துங்க, இன்னும் கொஞ்சம்னு போனா பிரைமர் தெரியும், அதுக்கு மேல காப்பாத்த ஒண்ணும் இல்ல. முடிஞ்சதும் கட்டாயம் வேக்ஸோ சீலன்ட்டோ போடணும், மேல கிளியர் இல்லாததால வெயில் நேரா கலர் மேலதான் விழுது. அந்த பேடை வேற வெள்ளை வண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க.

கேள்வி: என் கார் மேட் ஃபினிஷ். துணி டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: வேணவே வேணாம். மேட்லயும் மேல கிளியர்தான் இருக்கு, பளபளப்பு வராத கிளியர். பட்டன் அளவு பாலிஷ் போட்டு தேய்ச்சாலும் அந்த இடம் மட்டும் மினுமினுன்னு ஆகி, திரும்ப மேட் ஆகாது. மேட்டுக்குன்னு இருக்கற ஷாம்பு போட்டு கழுவுங்க, போதும்.