பிடுங்கினாலும் ஒவ்வொரு மழைக்கும் பார்த்தீனியம் என்ற களைச்செடி திரும்ப முளைப்பது ஏன்?

ஆழமாக உழுதால் தீர்ந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தீராது.

ஒரே செடி 15,000-க்கும் மேல் விதை போடும். அவை மண்ணில் காத்திருப்பது முக்கியமாக ஈரத்துக்காகத்தான். விதையைச் சுற்றியுள்ள உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நல்ல மழை அவற்றைக் கழுவிவிடும். லேசான தூறலுக்கு ஏமாந்து முளைத்துக் காய்ந்துபோகாமல் இருக்க இது உதவுகிறது.

வெப்பம் பெரிய தடையில்லை. 20 முதல் 25 டிகிரி இதற்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதற்குக் கீழேயும் மேலேயும்கூட முளைக்கும். அதனால் நம் ஊரில் ஈரம் இருந்தால் எந்த மாதமும் இதற்குப் பருவம்தான்.

உழவு விஷயத்துக்கு வருகிறேன். மண்ணின் மேற்பரப்பில், வெளிச்சம் படும் இடத்தில் கிடக்கும் விதைதான் நன்றாக முளைக்கும். 5 செ.மீ.க்குக் கீழே போனால் முளை மேலே வருவது அரிது. ஆனால் அந்த விதை செத்துவிடுவதில்லை, பல வருடம் உயிரோடு கிடக்கும். அடுத்த உழவில் மேலே வந்ததும் முளைக்கும்.

முளைத்த 4 முதல் 8 வாரத்தில் பூத்துவிடும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், அரிப்பு பொல்லாதது.