தொண்டையில் கட்டிய சீழ் மாத்திரையிலேயே கரைந்துவிடுமா?

"தொண்டைக்குள் ஒரு பக்கம் சீழ் கட்டியிருக்கிறது, ஊசி வைத்து எடுக்கணும் என்கிறார் டாக்டர். ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே கரையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசிக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பயந்து நான்கு நாள் தள்ளிப்போட்டேன். நன்றாகத் திரண்ட சீழ் மாத்திரைக்கு அடங்காது. எடுத்துவிடுங்கள்.

எனக்கு வந்தது 2024 தை அமாவாசையை ஒட்டி. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முதலில் சாதாரணத் தொண்டை வலிதான். அம்மா சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பூசிவிட்டார். மெடிக்கலில் சீட்டு கேட்காமலே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் இடது பக்கம் மட்டும் வலி ஏறி, காதுக்குள் குத்த ஆரம்பித்தது. காய்ச்சல் 102 டிகிரி. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தேன். போனில் பேசினால் தம்பி, "என்னண்ணே, வாயில இட்லிய வச்சுக்கிட்டா பேசுற?" என்கிறான்.

அமாவாசையன்று ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தீவுக்கு வரும் பாம்பன் ரயில் பாலம் அப்போது மூடிக் கிடந்தது. 2022 டிசம்பரில் நின்ற ரயில், புதுப் பாலம் திறந்து 2025 ஏப்ரலில்தான் தீவுக்குள் வந்தது. இருந்த ஒரே ரோட்டுப் பாலத்தில் வரிசையாக வேன்களை நிறுத்திவிட்டுக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமி கும்பிட வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஊர் பிழைப்பில் பாதி அவர்களால்தான். ஆனால் பாலத்துக்கு நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும் பிரசவ வலி வந்தாலும் 108 வண்டி அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். உள்நாக்கு வலது பக்கம் ஒதுங்கியிருந்ததாம். மரத்துப்போக மருந்து அடித்து, வீங்கிய இடத்தில் ஊசியை ஏற்றி இழுத்தார். பழுப்பு மஞ்சளாகச் சிரிஞ்சில் பாதி நிறைந்தது. நாற்றம் எனக்குப் புதிதில்லை, தினமும் சங்காயத்துக்கு (கழிவு மீனுக்கு) நடுவில் நிற்கிறவன். இது அதைவிட மோசம். பத்து நிமிஷத்தில் எச்சில் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளால்தான் அந்த நாற்றம் என்றார் டாக்டர். இந்தக் கட்டியில் பெரும்பாலும் ஒரே கிருமி இருப்பதில்லை. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு ஃபியூசோபாக்டீரியம், ப்ரிவோடெல்லா என்று காற்று வேண்டாத வகைகளும் சேர்ந்திருக்கும். அசித்ரோமைசினுக்கு ஃபியூசோபாக்டீரியம் பெரும்பாலும் மசியாது. எந்த மருந்தானாலும் ரத்த ஓட்டம் இல்லாத சீழுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. அதனால் முதலில் சீழை எடுக்கிறார்கள், சுற்றி மிச்சம் இருக்கும் கிருமிகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். எனக்கு அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, 10 நாள். சிலருக்குப் பென்சிலினோடு மெட்ரோனிடசோல் தருவார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் உண்டு. மூன்றாம் நாளே வலி போய்விட்டது, ஆனாலும் கடைசி மாத்திரை வரை போட்டு முடித்தேன்.

"எங்க மாமாவுக்கு மாத்திரையிலேயே சரியாச்சே" என்று யாராவது எழுதுவீர்கள். உண்மையாக இருக்கலாம். சீழ் திரளும் முன்னால் வீக்கமாக இருக்கும்போதோ, கட்டி ரொம்பச் சின்னதாக இருந்தாலோ டாக்டரே மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாள் பார்ப்பதுண்டு. அதை முடிவு செய்யவேண்டியது உள்ளே பார்த்த டாக்டர். நான் டாக்டர் இல்லை, எனக்கு நடந்ததையும் அவர் சொன்னதையும்தான் எழுதுகிறேன்.

உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக நுழையும். நுழையவில்லை, எச்சிலும் இறங்கவில்லை என்றால் நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் பஸ்ஸைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.