அடுப்படித் தரைக்கு என்ன போடலாம்? கேள்வி பதில்

மதுரைப் பக்கம் வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. கட்டட வேலையில் பெரும்பாலும் தரைப் பணி பார்த்துவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அடுப்படித் தரை ஈரமாகத்தான் இருக்கும், எண்ணெய் சிந்தத்தான் செய்யும். நம் வீடுகளில் அங்கே வெறுங்காலோடு நிற்கிறோம், உட்கார்ந்து காய் நறுக்குகிறோம். அந்தத் தரையில் யாரும் வழுக்கி விழக் கூடாது என்பதுதான் என் முதல் கணக்கு. அழகும் விலையும் அப்புறம்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்: ஹாலுக்கு 2க்கு 4 அடி பளபளப்பு விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்திருக்கிறோம். அதையே அடுப்படிக்கும் ஓட்டிவிடுங்கள், வீடு பெரிதாகத் தெரியும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா சார்?

வேண்டாம் தம்பி, பளபளப்பு டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். அதே கம்பெனியில், அதே நிறத்தில் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். பல டிசைன்களில் இரண்டும் வரும். பார்வைக்கு ஒரே தரையாகத் தெரியும், காலுக்குப் பிடிப்பும் இருக்கும்.

வழுக்கலுக்கு R9 முதல் R13 வரை ஒரு தர எண் உண்டு. எண்ணெய் ஊற்றிய சரிவில் ஆளை நடக்கவிட்டுப் பார்த்துத் தரும் எண் அது. வீட்டு அடுப்படிக்கு R10 போதும். R11, R12 என்று போனால் தரை சொரசொரவென்று ஆகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், மாப் நகராது. கடையில் எண் தெரியாது என்றால், டைல்ஸைத் தரையில் வைத்து, கொஞ்சம் தண்ணீரும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். எந்த நல்ல கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

இன்னொன்று: சுவருக்கு வாங்கி மிஞ்சிய செராமிக் டைல்ஸை அடுப்படித் தரைக்குப் போட்டுவிடாதீர்கள். சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், விட்ரிஃபைடு 0.5 சதவீதத்துக்குள் நிற்கும். குழவி கை தவறி விழுந்தால் சுவர் டைல்ஸ் தாங்காது. எது எது என்று குழப்பமாக இருந்தால் பின்பக்கம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது தரைக்கு ஆகாது.

மேலூரிலிருந்து: எங்கள் ஊரில் கிரானைட் சுலபமாகக் கிடைக்கிறது. தரைக்கும் அதையே போடலாமா அண்ணே? மார்பிளா கிரானைட்டா என்று வீட்டில் ஒரே விவாதம்.

அடுப்படி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிரானைட். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளித்தண்ணீர், எலுமிச்சை, தக்காளிச் சாறு எது சிந்தினாலும் அந்த இடம் மங்கிவிடும், துடைத்தால் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், அதற்கும் புளி ஆகாது. கிரானைட்டை இவையெல்லாம் ஒன்றும் செய்யாது.

ஆனால் கண்ணாடி பாலிஷ் கிரானைட்டும் ஈரத்தில் வழுக்கும். தோல் மாதிரி லேசான சொரசொரப்புள்ள லெதர் ஃபினிஷ் கேளுங்கள். வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயை மெல்ல உள்ளே இழுத்து, அடுப்புக்குக் கீழே திட்டாகக் காட்டும். அந்த நிறம்தான் பிடித்திருக்கிறது என்றால் எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு அடித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எடுப்பதானால், பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்துக் கல்லின் மேல் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். கிரானைட் பலகையும் அடிக்கலவையும் சேர்ந்து டைல்ஸை விட உயரம் கூடும் என்பதால், கதவு நிலை வைக்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி: ஆத்தங்குடி டைல்ஸ் மேல் எனக்குப் பெரிய ஆசை. அடுப்படிக்குத் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

ஆசையை விட வேண்டாம்மா. ஆனால் அது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் இதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, ஆக்ஸைடு நிறப்பொடி கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி டிசைன் போட்டு, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. ஆக, நீங்கள் வாங்குவது வண்ணம் போட்ட சிமெண்ட் தளம். சிமெண்டுக்கு எது எதிரியோ அதுதான் இதற்கும் எதிரி: புளிப்பு.

எண்ணெய் இதைக் கெடுக்காது. செட்டிநாட்டு வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத்தான் மெருகேற்றுகிறார்கள். ஆனால் மோரும் ரசமும் சிந்திக் காய விட்டால் தடம் விழும், மஞ்சள் கறை பிடித்தால் லேசில் விடாது. கழிப்பறை ஆசிட் ஒரு சொட்டும் படக் கூடாது. சிந்தினால் உடனே துடைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் மேடையை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு லெதர் கிரானைட் பட்டை ஓட்டிவிட்டு, மீதி இடத்துக்கு ஆத்தங்குடி போடுங்கள். சாப்பிடும் இடம், பூஜை அறை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

போடுகிற ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பதித்தபின் மெஷின் வைத்துத் தேய்க்கும் தரை இல்லை இது. சிமெண்ட் பால் மேலே பட்டால் அந்த நிமிடமே துடைக்க வேண்டும். புதிதில் வெள்ளையாகப் பூத்தாலும் பயப்படாதீர்கள், துடைக்கத் துடைக்கப் போய்விடும். கையால் செய்வதால் ஒரு முறை கலந்த நிறம் அடுத்த முறை அப்படியே வராது. கூடுதலாகச் சிலவற்றை அப்போதே வாங்கி வையுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: அம்மா இருக்கும் பழைய வீடு. அடுப்படியில் சிவப்பு ஆக்ஸைடு தரை, அங்கங்கே விரிசல். உடைக்கக் கூடாது என்கிறார். மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

முதலில் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அடித்தளம் நன்றாக இருக்கிறது. அப்போது மேல்பரப்பைக் கொத்திவிட்டு, டைல் அட்ஹெசிவ் என்கிற ஒட்டும் கலவை போட்டு ஒட்டலாம். டப்டப்பென்று உள்ளே வெற்றிடமாகக் கேட்டாலோ, ஈரம் மேலே ஏறி உப்புப் பூத்திருந்தாலோ உடைப்பதைத் தவிர வழி இல்லை. மேலே ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். அதனால் வாசலில் ஒரு சின்ன மேடு உண்டாகும். வயதானவர் கால் பெருவிரல் இடிப்பது அதில்தான். அங்கே சரிவாகச் சீவிய கிரானைட் பட்டை ஒன்று பதித்துவிடுங்கள்.

விரிசல் மயிரிழை அளவுதான் என்றால், நான் அந்தத் தரையை அப்படியே விடத்தான் சொல்வேன். நன்றாகப் போட்ட ஆக்ஸைடு தரை வெயில் காலத்தில் தரும் குளுமை, அம்மாவின் பாதத்துக்குப் பழகியிருக்கும்.

வில்லாபுரத்திலிருந்து: வாடகை வீடு. வினைல் ஷீட் விரிக்கலாமா?

விரிக்கலாம். சூடான சட்டியைத் தரையில் இறக்காதீர்கள். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் அடியில் பூசணம் பிடிக்கும், அடிக்கடி தூக்கிப் பாருங்கள்.

சோழவந்தானிலிருந்து: போன கோடையில் அடுப்படி டைல்ஸ் நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. டைல்ஸ் மட்டமா?

பெரும்பாலும் டைல்ஸ் மேல் பழி இல்லை, போட்ட விதத்தில்தான். வெயிலுக்கு டைல்ஸ் கொஞ்சம் விரியும். இடைவெளியே விடாமல் நெருக்கி, சுவரோடு முட்டவைத்துப் போட்டிருந்தால் விரிய இடம் இல்லாமல் மேலே எழும்பும். அடியில் கலவை முழுதாகப் பிடிக்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்பதால் சாதாரண சிமெண்ட் பாலில் அதற்குப் பிடிப்பும் குறைவு. தண்ணீரில் ஊறவைத்துப் போடும் பழைய வழக்கம் செராமிக்குக்குச் சரி, இதற்குப் பயன் இல்லை.

மறுபடி போடும்போது பல் கரண்டியால் அட்ஹெசிவ் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டு, சுவரோரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி. அந்த ஓரம் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையில் மறைந்துவிடும். மேஸ்திரி இடைவெளி அசிங்கம் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா: டைல்ஸ் நன்றாக இருக்கிறது, இணைப்பெல்லாம் கறுத்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவட்டுமா?

வேண்டாம் அக்கா. இணைப்பில் இருப்பது வெள்ளை சிமெண்ட். ஆசிட் அதை அரித்துக் குழியாக்கும், அப்புறம் அழுக்கு இன்னும் ஆழமாக உட்காரும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் என்கிற இணைப்புக் கலவையை நிரப்புங்கள். விலை அதிகம்தான், ஆனால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போகாது. நிரப்பிய கையோடு மேலே ஒட்டியதைத் துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் படலமாக நின்றுவிடும். வெள்ளை நிறம் எடுக்காதீர்கள், சாம்பல் நல்லது.

கோச்சடையிலிருந்து: கறுப்புத் தரை போட்டால் அழுக்குத் தெரியாதுதானே?

போர்த் தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்த ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நடுத்தர நிறத்தில், கொஞ்சம் புள்ளியும் கோடும் கலந்ததாக எடுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: வெள்ளிக்கிழமைதோறும் அடுப்படியைக் கழுவிவிடுவோம். 10க்கு 8 அறை. வாட்டம் எவ்வளவு, டைல்ஸ் எத்தனை பெட்டி?

10 அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் போதும், தண்ணீர் வெளியேறும் ஜாலி இருக்கும் மூலையைப் பார்த்து. பெரிய டைல்ஸில் வாட்டம் எடுப்பது சிரமம், 2க்கு 2க்கு மேல் போகாதீர்கள்.

பெட்டிக் கணக்கில் கவனம். 2க்கு 2 என்று சொன்னாலும் அது 600 மில்லிமீட்டர்தான், முழு இரண்டடி இல்லை. அதனால் 4 டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுரடி வராது, பதினைந்தரைதான் வரும். உங்கள் 80 சதுரடியோடு சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 88. ஆறு பெட்டி வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.