விழித்திரை விலகல்: கோயில் கொடை முடிந்த பிறகு அறுவை செய்துகொள்ளலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். இரண்டு வருடங்களுக்கு முன் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தோம். பத்து நாட்களாக அந்தக் கண்ணில் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகளும் ஓரத்தில் மின்னல் வெட்டுவதும் தெரிந்தன. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பவர் சரியாக இருக்கிறது, சத்துக் குறைவுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். நேற்று முதல் கீழேயிருந்து ஒரு நிழல் ஏறுகிறது. திருநெல்வேலியில் பார்த்த மருத்துவர், விழித்திரையின் மேல்பகுதி கிழிந்து விலகியிருக்கிறது, மையம் இன்னும் ஒட்டியிருக்கிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. அப்பாதான் சாமி இறங்கி ஆடுகிற கோமரத்தாடி. கொடை முடிந்து போகலாமா? அறுவை இல்லாமல் ஊசியிலேயே சரிசெய்கிற இடம் தெரியும் என்று ஒருவர் காரில் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார். ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கூடாது. கொடைக்கு முன்பே, முடிந்தால் நாளைக்கே, அறுவை நடந்தாக வேண்டும். இதழ் அச்சாகி வரும்வரை பொறுக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் உங்களிடம் தொலைபேசியிலேயே இதைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் வேறு வீடுகளில் நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக.

கண்ணின் பின்பக்க உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. கண் நரம்பு என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ், வயது ஏற ஏற நீர்த்துச் சுருங்குகிறது. சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்தால் மின்னல் தெரியும். இழுத்த இழுப்பில் கிழிந்துவிட்டால் திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டும். பிறகு அந்தக் கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து, மழைத்தண்ணீர் இறங்கிய சுவரொட்டியைப்போல விழித்திரை சுவரைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. கிளம்பிய பகுதிக்குப் பின்னாலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோகிறது. அங்கிருக்கும் பார்வைச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. இவ்வளவும் வலியே இல்லாமல் நடக்கும், ஏனென்றால் விழித்திரைக்கு வலி தெரியாது. வலிக்கவில்லையே, பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கவைப்பதும் இதுதான்.

உங்கள் அப்பாவுக்கு நிழல் கீழேயிருந்து ஏறுகிறது என்றால் விழித்திரை மேலே விலகியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் இப்படி. எங்களை அதிகம் பதறவைப்பது மேல்பக்க விலகல்தான். புகுந்த நீர் இயல்பாகவே கீழ்நோக்கி இறங்கும். இறங்குகிற வழியில் இருக்கிறது மேக்குலா என்னும் பார்வை மையம். பேப்பர் படிப்பதும், பேரப்பிள்ளையின் முகத்தை அடையாளம் காண்பதும், ரூபாய் நோட்டை எண்ணுவதும் அந்தச் சிறு வட்டத்தால்தான். அது ஒட்டியிருக்கும்போதே அறுவை செய்தால் இன்று இருக்கும் பார்வையை அநேகமாக அப்படியே காப்பாற்றலாம். விலகிவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாக ஒட்டவைத்தாலும் பழைய தெளிவு முழுதாகத் திரும்புவது அரிது. இன்று ஒட்டியிருப்பது நாளைக் காலையில் விலகியிருக்கலாம். அறுவை மேசைக்குப் போகும்வரை அவர் மருத்துவர் சொன்ன பக்கமாகப் படுத்து ஓய்வாக இருக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மையம் ஏற்கெனவே விலகிவிட்ட கண்ணுக்கு இந்த மணிக்கணக்கு அவசரம் இல்லை. அவர்களுக்கு மருத்துவரே இரண்டு நாள் கழித்துத் தேதி கொடுப்பார். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சரிசெய்துவிட்டு வரச்சொல்வார். அது தவறில்லை. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனவர் பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்? “எனக்கும் இதேதான், டாக்டர் அவசரமில்லை என்று சொல்லிவிட்டார்.” அந்தப் பேச்சு நாலு வாய் மாறி, விழித்திரை அறுவைக்கு அவசரமே கிடையாது என்று ஆகிவிடுகிறது. விதிவிலக்கு அவருடைய கண்ணுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாரம் மாதமானால் விழித்திரையின் மேல் வடுத்திசு படர்ந்து அதைச் சுருட்டிவிடும். அதன்பிறகு ஒரு அறுவையில் தீராது, இரண்டு மூன்று ஆகும், பலன் பாதிகூட நிச்சயமில்லை. உங்கள் அப்பாவுக்கு மையம் ஒட்டியிருக்கிறது. ஆகவே இந்த விதிவிலக்கில் அவருக்கு இடமே இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொடை விஷயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சாமி இறங்குகிற உடம்பு, நாள் குறித்து விரதம் இருக்கிறவர். அவரிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்வது ஒரு மகளுக்கு எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. ஆனாலும் விலகுகிற விழித்திரையோடு வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் குதித்தாடி, நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்கு இருட்டில் ஓடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. அறுவைக்குப் பிறகும் அன்றைக்கு ஆட முடியாது. ஊர்ப் பெரியவர்களை வீட்டுக்கு அழைத்து, மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டிப் பேசுங்கள். கோமரத்தாடிக்கு உடம்புக்கு முடியாமல் போன வருடங்கள் எல்லாக் கோயில்களிலும் இருந்திருக்கும். அப்போது என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, கண்ணாடிக் கடை. கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் கண்ணாடியின் பவரை அளக்கிறது. விழித்திரையை அது பார்ப்பதே இல்லை. கண்ணின் நடுத்துளையான பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் உட்காரவைத்து, தலையில் விளக்கு மாட்டிய கருவியால் ஓரம்வரை பார்த்தால்தான் கிழிசல் தெரியும். சொட்டு விடாமல் கண் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் விழித்திரையைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாட்களுக்கு முன் மின்னல் வெட்டியபோதே யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால், கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்து அடைத்திருக்கலாம். படுக்கை வேண்டாம், கத்தி வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வாய்ப்பைச் சத்து மாத்திரை தின்றுவிட்டது. நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் விடுகிற வீடுகளும் இருக்கின்றன. அவை கண்ணின் மேற்பரப்பைத் தாண்டிப் போகாது, கிருமியை மட்டும் கொண்டுவந்து சேர்க்கும்.

கோபம் கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. புரை எடுத்த கண்ணில் விழித்திரை விலகும் வாய்ப்பு மற்றக் கண்களைவிடக் கூடுதல். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அப்படித்தான். முகாம் போட்டு, பஸ் அனுப்பி, ஏழைகளுக்கு இலவசமாகப் புரை எடுக்கிற பெரிய காரியம் நம் பகுதியில் நடக்கிறது. ஆனால் கையில் கொடுத்து அனுப்பும் சீட்டு எத்தனை இடங்களில் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது! திடீர்ப் புள்ளிகள், மின்னல், நிழல், இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வா என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அந்த ஒரு வரி இல்லாததால் போகிற கண்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

இனி, காரோடு நிற்கிற அந்த மனிதர். அவரிடம் ஏமாற வேண்டாம். நோயாளியைக் கூட்டிப்போய் விட்டால் தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குகிறவர்கள் பஸ் நிலையத்திலும் மருத்துவமனை வாசல் டீக்கடைகளிலும் உண்டு. ஊசி என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால் ஒரு அரைகுறை உண்மை இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கினால் கண்ணுக்குள் ஊசி போடுகிறோம். அது வீக்கத்துக்கு, கிழிசலை அது ஒட்டாது. இன்னொன்று, மேல்பக்கத்தில் சின்னதாக ஒரே ஒரு கிழிசல் இருந்தால் வாயுக்குமிழை ஊசி வழியாகச் செலுத்தி, கிழிசலைச் சுற்றி உறைய வைத்தோ லேசர் வைத்தோ சரிசெய்கிற முறையும் உண்டு. லென்ஸ் மாற்றிய கண்ணில் அதன் பலன் குறைவு. அது பொருந்துமா என்று உள்ளே பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும், காரோட்டி வந்தவர் அல்ல. அந்தப் பயணத்தில் போகிற ஒரு நாள்தான் உங்கள் அப்பாவின் மையம் விலகுகிற நாளாக இருக்கலாம். இதற்காக மதுரைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டிய காலமும் போய்விட்டது. திருநெல்வேலி ஜங்ஷனிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விழித்திரை அறுவை செய்பவர் இங்கே இருக்கிறாரா, நாளைக்கே செய்வாரா?

ஆபரேஷன் செய்தால் பார்வை போய்விடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு நூற்றாண்டுக்கு முன்வரை விழித்திரை விலகினால் அந்தக் கண் போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற மருத்துவர், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் விலகல் சரியாகும் என்று 1920களில் நிரூபித்தார். இன்றைய எல்லா முறைகளும் அந்த ஒரு உண்மையின் மேல் நிற்கின்றன. கண்ணின் வெளிப்புறத்தில் சிலிக்கான் பட்டையைத் தைத்து, சுவரை விழித்திரையை நோக்கி அழுத்துவது ஒன்று. உங்கள் அப்பாவைப்போல லென்ஸ் வைத்த கண்ணுக்குப் பெரும்பாலும் செய்வது விட்ரெக்டமி. மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய 3 துளைகள் இட்டு, இழுக்கிற கூழை வெட்டி எடுத்து, நீரை வடித்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, கண்ணுக்குள் வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புவார்கள். லேசர் வடு இறுகும்வரை விழித்திரையைத் தாங்கிப் பிடிக்கத்தான் அது. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரே அறுவையில் ஒட்டிக்கொள்கிறது.

வாயு நிறைந்த கண்ணில் முதல் வாரம் கையசைப்பதுதான் மங்கலாகத் தெரியும். நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர் அந்த நாளில் பார்த்துவிட்டு, இருந்ததும் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார். குமிழ் நாளுக்கு நாள் சுருங்கி, மேலிருந்து பார்வை திறந்துகொண்டே வரும். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு மூன்று வாரமோ இரண்டு மாதமோ ஆகும். அதுவரை விமானத்தில் ஏறக்கூடாது. மாஞ்சோலை, கொடைக்கானல் என்று மலைக்கும் போகக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே பட்டுப்போகலாம். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்துக் குப்புறவோ ஒருக்களித்தோ இருக்கச் சொல்வார்கள். அதை மீறினால் அறுவை வீணாகலாம்.

எண்ணெய் போட்டால் ஒரு கண்ணி இருக்கிறது. வாயுவைப்போல எண்ணெய் தானாகக் கரையாது. சில மாதங்கள் கழித்து இன்னொரு அறுவை செய்து எடுக்க வேண்டும். கண் தெரிகிறதே, மறுபடி எதற்கு என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். எண்ணெய் உள்ளேயே கிடந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது, கருவிழியை வெளுக்க வைக்கிறது. காப்பாற்றிய கண்ணை இப்படி இழக்கிறவர்களை நினைத்தால் மனம் ஆறாது. இதில் பணமும் கலந்திருக்கிறது. மொத்தச் செலவு இவ்வளவு என்று சொல்கிற பல இடங்களில் எண்ணெய் எடுக்கும் இரண்டாம் அறுவை அந்தத் தொகைக்குள் இருக்காது. வெளியே அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: வாயுவா, எண்ணெயா? எண்ணெய் என்றால் எப்போது எடுப்பீர்கள், அதற்கு எவ்வளவு? பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் இந்த அறுவைக்குச் செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். அட்டை இல்லை என்றால், புதிதாக அட்டை எடுப்பது இலவசம்தான். எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆலங்குளம் 2019 முதல் தென்காசி மாவட்டம். பழைய பழக்கத்தில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் தென்காசிக்குத் திருப்பி அனுப்புவார்கள். வருமானச் சான்றுக்கு ஒரு நாள், அட்டைக்கு ஒரு நாள், ஒப்புதலுக்கு இன்னும் சில நாள் என்று இந்த முறையை அமைத்தவர்கள், விழித்திரை ஒன்று விலகிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை. மையம் ஒட்டியிருக்கிறது, அவசரம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அந்த மேசையில் கொடுங்கள். ஒப்புதல் தாமதமானால் அறுவையைத் தள்ளாமல் செய்ய வழி உண்டா என்று மருத்துவமனை நிர்வாகியிடமே நேரில் போய்க் கேளுங்கள். கேட்டால் வழி பிறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோயால் வருகிற விலகல் வேறு விதம், அதற்கு வேறு கணக்கு. அதை இங்கே சேர்த்துக் குழப்ப விரும்பவில்லை.

கடைசியாக, இடது கண். ஒரு கண்ணில் விலகியவருக்கு மறு கண்ணிலும் வர வாய்ப்பு அதிகம். அறுவைக்குச் சேர்க்கும் அன்றே இடது கண்ணிலும் சொட்டு விட்டு ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். மெலிவோ கிழிசலோ இருந்தால் லேசர் தேவையா என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். வீட்டில் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால், உங்களையும் சேர்த்து, அவர்களுக்கும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள்.