முதலில் நூல், அப்புறம் திரை

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நிரல் எழுதத் தெரியாது. தனி ஊசலைத் திரையில் ஆட்டிக் காட்டும் செயலியை நானே செய்ய முடியுமா? (ஒரு ஆசிரியை, விருதுநகர்)

பதில்: தாராளமாக முடியும், அம்மா. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கியது. வகுப்புக்கு இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

L = 1 என்று அடித்தாலே நீளத்துக்கு ஒரு நகர்த்தும் பட்டை வந்துவிடும். அடுத்த வரியில் அலைவு நேரச் சூத்திரம், அதாவது ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம். நீளம் 1 மீட்டர் என்றால் 2.01 வினாடி, 0.25-க்கு இழுத்தால் 1 வினாடி. "நேரம் ஏன் சார் கால்வாசி ஆகலை, பாதிதானே ஆச்சு?" என்று என் வகுப்பில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இதைச் செய்வதே! திரையில் ஊசல் குண்டு ஆட வேண்டுமானால் நேரத்துக்கும் ஒரு பட்டை போட்டு, புள்ளியின் இடத்தை சைன் சார்பால் எழுதுங்கள். சின்னக் கோணத்துக்கு இது போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். திரையைத் திறக்கும் முன் ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூல் கட்டி, நுனியில் இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். 10 அலைவுக்கு 20 வினாடி வருகிறதா என்று பிள்ளைகளே எண்ணட்டும். அப்புறம் பட்டையையும் அவர்களே இழுக்கட்டும், மௌஸை நீங்கள் தொடாதீர்கள்.