டிசம்பரில் கிங்ஸ் கேன்யன்: மாமனார் மாமியாரோடு போகலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை விமானத்தில் போய், ஒரு சாதாரண கார் வாடகைக்கு எடுத்து நடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் உலுரு பெரும்பாறையும் கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கும் பார்க்கத் திட்டம். உலுருவில் தங்கி, ஒரே நாளில் கேன்யனுக்குப் போய்த் திரும்ப முடியுமா? மாமனார், மாமியார், பத்து வயது மகன் கூட வருகிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. மேப்பில் மெரீனி வழி கிட்டமாகத் தெரிகிறதே, அதில் போகலாமா?

பதில்: ஒரே நாள் திட்டத்தை விட்டுவிடுங்கள். உலுருவை ஒட்டிய யுலாராவிலிருந்து கேன்யனுக்கு ஒரு வழியே சுமார் 300 கி.மீ. காலை ஏழு மணிக்குக் கிளம்பினாலும் பத்து தாண்டித்தான் போய்ச் சேர்வீர்கள். மேல் விளிம்பைச் சுற்றிவரும் 6 கி.மீ. ரிம் வாக் அதற்குள் அடைபட்டிருக்கலாம். அன்றைக்கு 36 டிகிரி அல்லது அதற்கு மேல் என்று முன்னறிவிப்பு இருந்தால் காலையிலேயே நுழைவை மூடிவிடுவது அங்கே விதி. டிசம்பரில் 36 என்பது சர்வசாதாரணம். மூடும் நேரத்தைத் தங்குமிடத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் கிளம்பி விடியலில் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். இருட்டில் கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து முதலில் கேன்யனுக்கே போங்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 200 கி.மீ. தெற்கே எர்ல்டண்டா, அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு லாசட்டர் நெடுஞ்சாலை, பிறகு லுரிஜா சாலை. மொத்தம் 470 கி.மீ. போல வரும், முழுக்கத் தார்ச்சாலை, உங்கள் காருக்கு அது போதும். மெரீனி வழி தூரத்தில் குறைவுதான். ஆனால் அதில் நெடுந்தூரம் அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலை. தனி அனுமதிச் சீட்டு வேண்டும், ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், சாதாரண வாடகைக் காரை அதில் இறக்கப் பெரும்பாலும் அனுமதியும் இல்லை. மேப் இதையெல்லாம் சொல்லாது.

அன்றிரவு கேன்யன் பக்கத்து ரிசார்ட்டிலோ கிங்ஸ் கிரீக் ஸ்டேஷன் என்ற மாட்டுப் பண்ணையிலோ தங்குங்கள். மறுநாள் வெளிச்சம் வந்ததும் நடையைத் தொடங்குங்கள். டிசம்பரில் அங்குள்ள நேரம் மெல்பர்னைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. வீட்டில் ஆறரைக்கு எழும் பையன் அங்கே தானாகவே ஐந்து மணிக்கு விழித்துக்கொள்வான். இந்த ஒரு தடவை அது வசதி.

ரிம் வாக்கின் கஷ்டமான பகுதி ஆரம்பத்திலேயே வந்துவிடும்: செங்குத்தாக ஏறும் ஐந்நூறு படிகள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் சமதளப் பாறை. மொத்தம் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். நடந்து பழகிய பத்து வயதுப் பையனால் முடியும். ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு, அவனுக்கும் சேர்த்துத்தான். மேலே நிழல் குறைவு. பாதையில் இறங்கிப் போனால் 'ஏதேன் தோட்டம்' என்று அழைக்கப்படும் நீர்ச்சுனை வரும், ஓரமெல்லாம் பனை போலத் தெரியும் சைக்கட் செடிகள். அதைத் தவறவிடாதீர்கள்.

விளிம்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். மேலே இருப்பது தண்ணீர் ஊறக்கூடிய மணற்கல், கீழே இன்னொரு மணற்கல், நடுவே மெல்லிய களிப்பாறை அடுக்கு. அந்த மெல்லிய அடுக்கு அரித்துப்போகும்போது மேல்பாறை பிடிமானம் இல்லாமல் பிளந்து விழும். 100 மீட்டருக்கு மேல் உயரமான அந்தச் செங்குத்துச் சுவர்கள் உருவானதே இப்படித்தான். நீங்கள் நிற்கும் பாறைக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் தடுப்பும் கிடையாது. இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். செல்ஃபிக்கும் அதே கணக்குதான்.

மாமியாருக்கு அந்தப் படிகள் சரிவராது. பெரியவர்களுக்குக் கீழே கிங்ஸ் கிரீக் நடை இருக்கிறது: போய்வர 2.6 கி.மீ., ஒரு மணி நேரம், ரிவர் ரெட் கம் மரங்களின் நிழல் உண்டு. கரடுமுரடான இடத்தில் பாதியிலேயே திரும்பினாலும் நஷ்டமில்லை. ஆனால் அவர்களும் காலையிலேயே நடந்துவிட வேண்டும். நீங்கள் மேலே இருக்கும்போது போனில் பேசிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். வழியெங்கும் சிக்னல் கிடைக்காத இடங்கள்தான் அதிகம். எத்தனை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் சந்திப்பது என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், கார் சாவியும் பெரியவர்களிடமே இருக்கட்டும்.

சாப்பிட்டுவிட்டு மதியம் கிளம்பினால் இருட்டுவதற்குள் யுலாரா. அப்புறம், ஈ மொய்க்காமல் முகத்தை மூடும் வலை ஆளுக்கொன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே வாங்கிவிடுங்கள். வெளிமாநிலத்தவர் என்பதால் கேன்யனுக்கு வடக்குப் பிரதேசத்தின் பூங்கா பாஸ் எடுக்க வேண்டும். உலுருவுக்கு அது செல்லாது, அதற்குத் தனி பாஸ். இரண்டையும் கிளம்பும் முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.